சிக்னல் தேடும் ஊரிலிருந்து சில ஏபிஐ குறிப்புகள்

கரடியூருக்கு வருகிறவர்கள் காட்சி முனையில் நின்று போட்டோ எடுப்பார்கள். அடுத்த நிமிஷமே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் நடப்பார்கள். எடுத்த படம் போகாது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சிக்னல் பார்க்கிறது, வானம் பார்க்கிற மாதிரி.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்குப் பக்கத்தில், காபியும் மிளகும் சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சென்னை டீம் ஒன்றுக்கு ஏபிஐ எழுதுகிறேன். ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் "இதைக் கொடு", "இதைச் செய்" என்று கேட்பதற்கான வாசல். அறை காலியா என்று ஆப் கேட்பதும், பணம் வந்ததா என்று சர்வர் கேட்பதும் அந்த வாசலில்தான். ஆபீஸ் வைஃபையில் சொன்ன பேச்சைக் கேட்கிற ஏபிஐ, மலை ஏறியதும் முரண்டு பிடிக்கும். அப்படி முரண்டு பிடித்த நாட்களில் நோட்டில் குறித்து வைத்தவை இவை.

1. நிரல் எழுத உட்காரும் முன், என்ன கேட்கலாம், என்ன பதில் வரும், தப்பானால் என்ன வரும் என்பதை ஓபன்ஏபிஐ வடிவத்தில் ஒரு கோப்பாக எழுதிவிடுங்கள். 2011-ல் ஸ்வாக்கர் என்று வந்ததுதான் இது; 2015-ல் லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலுக்குப் போனது, பிறகு பெயர் மாறியது. பழைய ஆட்கள் இன்னும் ஸ்வாக்கர் என்றே சொல்வார்கள், திருத்த வேண்டாம். கோப்பு இருந்தால் ஆப் எழுதுகிறவர் உங்களுக்காகக் காத்துக் கிடக்க மாட்டார். அதைக் கொடுத்து ஒரு மாக் சர்வரை ஓட்டி, பொய்ப் பதிலை வைத்தே பாதி வேலையை முடித்துவிடுவார்.

2. ஏபிஐயைத் தட்டிப் பார்க்கும் போஸ்ட்மேன் கருவியின் கலெக்ஷனை ஒருவருடைய லேப்டாப்பில் மட்டும் விட்டு வைக்காதீர்கள். அவர் அக்கா கல்யாணத்துக்குப் போன வாரம்தான் அது வேண்டியிருக்கும். பாட்டியின் ஊறுகாய்ப் பக்குவம் பாட்டியோடு போனது போதும். ஏற்றுமதி செய்து, நிரலோடு சேர்த்து கிட்டில் போடுங்கள். (போஸ்ட்மேன் நம் பக்கத்து ஊர்ப் பிள்ளை. பெங்களூரில் அபினவ் அஸ்தானா தன் சொந்த வசதிக்காக 2012-ல் எழுதிய குரோம் நீட்சி, 2014-ல் நிறுவனமாயிற்று.) நெட் தள்ளாடும் நாளில் போஸ்ட்மேனும் திறக்காமல் போகலாம். அப்போது கர்ல் கைகொடுக்கும். 1998 முதல் இருக்கிற கருவி, ஒரு வரியில் வேலை முடியும். முக்கியமான ஐந்தாறு கர்ல் வரிகளைத் தனியாக எழுதி வையுங்கள்.

3. பெயருக்கு "முதல் பெயர்", "குடும்பப் பெயர்" என்று இரண்டு கட்டாயப் பெட்டி வைக்காதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். கட்டாயப்படுத்தினால் ஜனங்கள் புள்ளி வைப்பார்கள், அப்பா பெயரைப் போடுவார்கள், தன் பெயரையே இரண்டு தரம் போடுவார்கள். பிறகு அடையாள அட்டையோடு ஒத்துப் பார்க்கும்போது எதுவும் ஒட்டாது. டெஸ்ட் பட்டியலில் ஒற்றைப் பெயர்க்காரர் ஒருவர் நிரந்தரமாக இருக்கட்டும்.

4. எண் போலத் தெரிவதெல்லாம் எண் ஆகாது. ஏற்காட்டின் எஸ்டிடி கோடு 04281. எண் வகையில் சேமித்தால் முன்னால் இருக்கும் சுழியம் ஓடிவிடும், மிச்சம் 4281. போன் நம்பர், பின்கோடு, வங்கிக் கணக்கு எண் எல்லாம் எழுத்துச் சரமாகவே இருக்கட்டும். கூட்டிக் கழிக்காத எதற்கும் எண் வகை வேண்டியதில்லை.

5. தமிழில் ஒரு சொல்லையாவது அனுப்பிப் பார்க்காமல் டெஸ்ட் முடிந்தது என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கரடியூர் என்பதைக் கண்ணால் எண்ணினால் 5 எழுத்து. யூனிகோடு கணக்கில் 8 குறிகள், ஏனென்றால் இகரக் குறியும் ஊகாரமும் புள்ளியும் தனித்தனி. யூடிஎஃப்-8-ல் 24 பைட். இணைய முகவரிக்குள் போட்டால் சதவீதக் குறிகளோடு 72 எழுத்தாக நீளும். "ஊர்ப் பெயர் 20-க்கு மேல் போகாது" என்று யாரோ டேட்டாபேஸில் பைட் கணக்கில் எல்லை வைத்திருந்தால், ஊர் வாலறுந்து நிற்கும். இன்னொன்று: கோடை என்பதில் இருக்கும் ஓகாரத்தை ஒரே குறியாகவும் அனுப்பலாம், இரண்டு துண்டாகவும் அனுப்பலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. உள்ளே வரும்போதே யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

6. நேரத்தோடு மண்டலத்தையும் எழுதுங்கள். மே 24 நள்ளிரவு 12 மணி என்று நம் நேரத்தில் சொல்வது, உலகப் பொது நேரத்தில் மே 23 மாலை 6.30. +05:30 என்ற வால் இல்லாமல் அனுப்பினால் விருந்தாளி ஒரு நாள் முன்னதாகவே வந்து கதவைத் தட்டுவார். வெறும் தேதிதான் வேண்டுமென்றால் தேதியை மட்டும் அனுப்புங்கள், அதற்கு மணியை ஒட்ட வேண்டாம்.

7. தவறு நடந்தால் தவறு என்றே சொல்லுங்கள். 200 என்ற நல்ல எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு, உள்ளே "தோல்வி" என்று எழுதி அனுப்பும் ஏபிஐகள் இன்னமும் உண்டு. கண்காணிப்புக் கருவி தலையைத்தான் பார்க்கும். எல்லாம் சௌக்கியம் என்று பச்சை விளக்கு காட்டும். கேட்டவர் தப்பாகக் கேட்டால் 400, அடையாளம் இல்லையென்றால் 401, அனுமதி இல்லையென்றால் 403, அப்படி ஒன்று இல்லவே இல்லையென்றால் 404, நம் வீட்டில் கோளாறு என்றால் 500. எந்தப் பெட்டியில் என்ன தவறு என்றும் ஒரு வரி சேருங்கள். காபித் தோட்டத்து ஊரிலிருந்து 418-ஐச் சொல்லாமல் விட முடியாது. 1998 ஏப்ரல் 1 அன்று, இணைய விதிமுறைகள் வெளியாகும் அதே வரிசையில், காபிப் பானைகளைக் கட்டுப்படுத்த ஒரு விதிமுறை வெளியானது. டீ கெட்டிலிடம் காபி போடச் சொன்னால் அது 418 என்று பதில் சொல்லலாமாம். முட்டாள்கள் தினக் கேலி. ஆனாலும் பல நிரல் நூலகங்களில் அந்த எண் இன்று வரை உட்கார்ந்திருக்கிறது.

8. சேலத்தில் பஸ் ஏறுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் போகும், வரும், வேறு டவருக்குத் தாவும். புது ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டு ஒரு தரம் ஏறி இறங்கினால், ஆபீஸில் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் கண்ணில் படாத தவறுகள் தெரிந்துவிடும். பஸ் கிடைக்காதவர்களுக்கு: குரோமின் டெவலப்பர் பகுதியில் நெட்டை மெதுவாக்கும் வசதி இருக்கிறது. சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே டாக்ஸிப்ராக்ஸி போன்ற கருவியை வைத்து, வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்க்கலாம், இணைப்பை அறுக்கலாம். முழுக்க நெட் இல்லாத நிலையை எல்லோரும் சோதிப்பார்கள். பாதி இருந்து பாதி போகிற நிலைதான் ஆளைக் கொல்வது.

9. காத்திருக்கும் நேரத்துக்கு எல்லை வையுங்கள். உள்ளே போகப் போக எல்லை குறைய வேண்டும். போன் 30 வினாடி காத்திருக்கிறது, சர்வர் பேமென்ட் நிறுவனத்துக்காக 40 வினாடி காத்திருக்கிறது என்றால் என்ன ஆகும்? 30-ல் போன் சலித்துப்போய் "முடியவில்லை" என்று காட்டும். 35-ல் பணம் போயிருக்கும். உள் எல்லை 10 என்று இருந்தால், சர்வர் "இன்னும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று நேர்மையாகச் சொல்ல நேரம் இருக்கும். பதில் வராததற்கு "நடக்கவில்லை" என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்ததா இல்லையா தெரியாது, அவ்வளவுதான். பணம் தொடர்பான ஏபிஐயில் வெற்றி, தோல்வி இரண்டோடு "நிலுவை" என்ற மூன்றாவது நிலையும் கட்டாயம் வேண்டும். அந்த நிலையைத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் வேண்டும்.

10. ஒரே வேண்டுகோள் இரண்டு தரம் வரும் என்று எண்ணியே எழுதுங்கள். இதை நான் கற்றது அத்தையிடம் (என் மாமியார்). தோட்டத்து வீட்டில் இரண்டு அறையை விருந்தாளிகளுக்கு விடுகிறார்கள். எங்கள் டீமின் முன்பதிவு ஆப்பை முதலில் அங்கேதான் பரிசோதனைக்குப் போட்டோம். ஒரு மே மாத சனிக்கிழமை, ஒருவர் மலை ஏறும்போதே "பதிவு செய்" பொத்தானை அழுத்தியிருக்கிறார். சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார். இரண்டுமே சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, பதில்தான் திரும்பி வரவில்லை. இரண்டு அறையும் அவர் பெயரில், பணமும் இரண்டு தரம். அதே நேரத்தில் கேட்ட ஒரு குடும்பத்துக்கு "இடமில்லை". அத்தை தன் நீல நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒருத்தருக்கு எதுக்கும்மா ரெண்டு ரூம்? என் நோட்டுல இப்படி ஒரு நாளும் ஆனதில்லையே."

அன்று ராத்திரியே சரிசெய்தோம். வழி இதுதான்: பொத்தானை அழுத்தும்போதே போன் ஒரு தனிச் சாவியை உருவாக்க வேண்டும். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே சாவி. சர்வர் அந்தச் சாவியை முடிவோடு சேர்த்துச் சேமிக்கும். அதே சாவி மறுபடி வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய முடிவையே கொடுக்கும். சாவிக்கு டேட்டாபேஸிலேயே "இரண்டாவது கூடாது" என்ற கட்டுப்பாடு போடுங்கள். "இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்" என்று நிரலில் மட்டும் எழுதினால், ஒரே நொடியில் வருகிற இரண்டும் உள்ளே புகுந்துவிடும். டெஸ்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பாமல் இரண்டையும் ஒன்றாக அனுப்பிப் பாருங்கள். அத்தை நோட்டை இன்னும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

11. திரும்ப முயலும்போது இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்: 1 வினாடி, 2, 4, 8. அதோடு கொஞ்சம் தாறுமாறான வினாடிகளையும் சேருங்கள். வளைவில் எதிரெதிரே மாட்டிக்கொண்ட இரண்டு வண்டி, இரண்டுமே ரிவர்ஸ் எடுத்து, இரண்டுமே ஒரே நேரத்தில் முன்னால் வந்தால் மறுபடி அதே நெரிசல்தானே. 503 (இப்போது முடியாது), 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்), டைம் அவுட் இவற்றுக்குத் திரும்ப முயலலாம். 400-க்கு முயலாதீர்கள், தப்பான கேள்வியைப் பத்துத் தரம் கேட்டாலும் தப்புத்தான்.

12. பட்டியலைப் பக்கம் பக்கமாகக் கொடுங்கள், 20 போதும். பதிலைச் சுருக்கி அனுப்புங்கள். பட்டியலில் படத்தின் முகவரியை மட்டும் கொடுங்கள், படத்தையே ஜேசானுக்குள் திணிக்காதீர்கள்.

13. கேள்வி எல்லையை ஐபி முகவரியை மட்டும் வைத்துக் கட்டாதீர்கள். 2021-ல் தடுப்பூசிக்கு ஊரே கோவின் தளத்தைத் தட்டியபோது, அதன் பொது ஏபிஐக்கு ஒரு ஐபிக்கு 5 நிமிடத்தில் 100 கேள்வி என்று வரம்பு வைத்தார்கள். கூடவே, காலி இடத் தகவல் 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். அவ்வளவு கூட்டத்துக்கு அதெல்லாம் தேவைதான். ஆனால் மொபைல் நெட்டில் பல போன்கள் ஒரே ஐபிக்குப் பின்னால் நிற்பது சகஜம். எங்கள் டவரில் யாரோ ஒருவர் தானியங்கி நிரலை ஓட்டினால், ஒன்றும் செய்யாத பக்கத்து வீட்டாருக்கும் 429 வரும். முடிந்தவரை பயனர் கணக்கையோ சாவியையோ வைத்து வரம்பு கட்டுங்கள். எப்போது திரும்ப வரலாம் என்பதையும் பதிலோடு சொல்லி அனுப்புங்கள்.

14. கூட்டம் வரும் தேதி தெரிந்திருந்தால் முன்கூட்டியே சுமை சோதனை செய்யுங்கள். ஜேமீட்டர், கே6 எதுவானாலும் சரி, உங்கள் சர்வரில் மட்டும். பேமென்ட் நிறுவனத்தின் சர்வரைத் தட்டிப் பார்க்க வேண்டாம். உதாரணம் வேண்டுமா? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. ஏற்காடு அதில் இல்லை. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் எல்லை வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இப்படி எல்லை உள்ள எதற்கும் மொத்தச் சுமையைவிடச் சிக்கலானது கடைசி இடம். ஒரே ஒரு இடம் மீதி வைத்து, 50 வேண்டுகோளை ஒரே நொடியில் அனுப்புங்கள். ஒருவருக்குக் கிடைத்து 49 பேருக்கு "முடிந்துவிட்டது" என்று வர வேண்டும். இரண்டு பேருக்குக் கிடைத்தால் வெளியிடாதீர்கள்.

15. இருக்கிற பெட்டியை எடுக்காதீர்கள், அதன் அர்த்தத்தையும் மாற்றாதீர்கள். புதிதாகச் சேர்ப்பதில் தோஷமில்லை. நெட் மெதுவாக இருக்கிற இடத்தில் யாரும் ஆப்பைப் புதுப்பிப்பதில்லை. நீங்கள் மறந்தே போன பழைய வடிவம் எங்கள் மலையில் உயிரோடு இருக்கும். பழைய வாசலை மூடத்தான் வேண்டுமென்றால், முதலில் யார் யார் இன்னும் அந்த வழியாக வருகிறார்கள் என்று ஒரு மாதம் எண்ணுங்கள். மூடப்போகும் தேதியைச் சொல்ல "சன்செட்" என்று ஒரு தலைப்பே 2019 முதல் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாற்றத்தை ஏற்றுவது சிவபூஜையில் கரடி புகுந்த கதைதான். கரடியூர்க்காரி சொன்னால் நம்புங்கள்.

16. ஏபிஐ சாவியை நிரலுக்குள் எழுதாதீர்கள். எழுதி கிட்டில் ஏற்றிவிட்டீர்களா, வரியை அழித்தால் போதாது. பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். சாவியையே மாற்றுங்கள், அதுவும் உடனே.

17. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, அது போகும் எல்லா சர்வரின் லாகிலும் அதே எண் பதியும்படி செய்யுங்கள். தவறுச் செய்தியில் அந்த எண்ணைப் பயனருக்கும் காட்டுங்கள். போனில் அழைத்து அவர் அதைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஓடிபி, கார்டு எண், ஆதார் எண் இவை லாகில் ஒருபோதும் விழக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு லாகும் தரவுதான்.

18. வெளியிலிருந்து கண்காணியுங்கள். சர்வரும் அதைக் கவனிக்கும் நிரலும் ஒரே மும்பைக் கட்டடத்தில் இருந்தால், வாசல் கதவு பூட்டியிருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஜோஹோவின் சைட் 24 எக்ஸ் 7 போன்ற சேவைகள் பல ஊர்களிலிருந்து தட்டிப் பார்க்கும். சராசரியை நம்பாதீர்கள். 100 வேண்டுகோளில் 95-க்கு 0.2 வினாடி, 5-க்கு 12 வினாடி என்று வையுங்கள். சராசரி 0.79 வினாடி. "பிரமாதம்" என்று டீம் லீட் சொல்வார். அந்த 5 பேர் பொத்தானை மறுபடி அழுத்திக்கொண்டிருப்பார்கள். நூற்றில் கடைசி ஐந்து, கடைசி ஒன்று எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைத் தனியாக வரைந்து பாருங்கள். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சர்வரின் கடிகாரம் வேண்டுகோள் வந்து சேர்ந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அது மலையிலிருந்து இறங்க எடுத்த நேரம் எந்த வரைபடத்திலும் வராது. போனிலேயே அளந்து, சிக்னல் வந்ததும் அனுப்பச் சொல்லுங்கள்.

19. "99.9 சதவீதம் ஓடும்" என்று வாக்குக் கொடுக்கும் முன் கணக்குப் போடுங்கள். 30 நாளில் 43 நிமிடம் மட்டுமே நிற்கலாம். 99 சதவீதம் என்றால் 7 மணி 12 நிமிடம். பராமரிப்பு மின்தடை என்று காலை 9 முதல் மாலை 5 வரை ஒரு நாள் கரண்ட் போனாலே 8 மணி நேரம். அதாவது, என் வீட்டு மேஜையில் சர்வரை வைத்தால் அந்த மாதம் 99-ஐக் கூடத் தொட முடியாது. நீங்கள் நம்பியிருக்கும் மற்ற ஏபிஐகளின் நிற்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

20. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகும் தேதிக்கு அலாரம் வையுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள். மற்றவையும் 2029 மார்ச்சுக்குள் அதிகபட்சம் 47 நாளாகக் குறையப் போகின்றன. காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுப் புதுப்பிக்கிற காலம் முடிந்தது. தானாகப் புதுப்பிக்க வையுங்கள். புதுப்பித்ததா என்று பார்க்க இன்னொன்றை வையுங்கள்.

21. அலாரம் குறைவாக அடிக்கட்டும். தோட்டத்து நாய் காட்டுப்பன்றிக்கும் குரைக்கும், காய்ந்த இலைக்கும் குரைக்கும். கொஞ்ச நாளில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. ஆளை எழுப்பினால் அவர் உடனே செய்ய ஏதாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் மின்னஞ்சலாக வரட்டும். ஒவ்வொரு அலாரத்தோடும் "முதலில் இதைப் பார்" என்று மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். தூக்கக் கலக்கத்தில் மூளை வேலை செய்யாது. 5 நிமிடத்தில் ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகட்டும். என் முறை வரும் வாரங்களில் எங்கள் கட்டில் ஜன்னலோரம் நகர்ந்துவிடும், அங்கே மட்டும்தான் இரண்டு கோடு சிக்னல். இரண்டாவது எண் சேலத்தில் இருக்கிற ஒருவருடையது. மழை பெய்தால் வரிசையை மாற்றி, அவரையே முதலாவதாக வைத்துவிடுவோம்.